பழைய டீசல் பிக்கப்பில் எரிபொருள் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த மாதிரி வண்டிகளுக்கு?

கம்ப்யூட்டர் இல்லாத டீசல் பம்ப் பொருத்திய பிக்கப்களுக்கு. பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் கடைசி வரை வந்தவை. பம்ப் நீளவாட்டில் வரிசையாக இருக்கும் இன்லைன் வகையாக இருக்கலாம், அல்லது போஷ் வி.இ. போன்ற உருண்டையான ரோட்டரி வகையாக இருக்கலாம். இரண்டுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். பொருந்தாத இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வகை டீசல்) வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து எந்த நட்டையும் தளர்த்த வேண்டாம். அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் ஏறும் (ஒரு பார் என்பது சுமார் வெளிக்காற்றின் அழுத்தம்). பழைய பம்பிலும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் முனையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் அது அறுவை சிகிச்சை வரை போகும் காயம். வீட்டில் மருந்து போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

டீசல் எந்த வழியாக இன்ஜினுக்குப் போகிறது?

டேங்குக்குள் ஒரு உறிஞ்சு குழாய், அதன் அடியில் ஒரு சல்லடை. அங்கிருந்து சேஸிஸை ஒட்டிப் போகும் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ். அப்புறம் தண்ணீர் பிரிப்பான், ஃபில்டர், ஃபில்டர் தலையில் ஹேண்ட் பிரைமர், அதாவது கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சின்ன பம்ப். சில வண்டிகளில் இன்ஜின் பிளாக்கிலோ இன்லைன் பம்பின் பக்கவாட்டிலோ டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் தனி ஃபீட் பம்ப் இருக்கும். சில ரோட்டரி பம்புகளில் உறிஞ்சும் வேலையை உள்ளே இருக்கும் சின்ன வேன் பம்பே பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு டீசல் பம்ப், கனமான இரும்புக் குழாய்கள், இன்ஜெக்டர்கள். எரியாமல் மிஞ்சியது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

இந்த வரிசையை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு தேடும்போது டேங்கிலிருந்து தொடங்கி இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். நான் முதல் தடவை தலைகீழாக நடந்தேன். பம்பைக் கழற்றி, பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திரும்பி வந்தது. உண்மையான குற்றவாளி, ஒரு ஹோஸ் கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருந்த ரப்பர்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

சைலன்சரைப் பாருங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் பின்னால் நிற்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவது), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டைமிங் (டீசல் தூவும் நேரம்) இவற்றில் ஒன்று. துளிப் புகையும் வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை.

இந்த ஒரே பார்வையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அதை முதலில் சரி செய்யுங்கள். டீசல் இன்ஜின் காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசலை எரிக்கிறது. சுற்றும் வேகம் குறைந்தால் சூடு போதாது. பேட்டரி அரைகுறையாக இருக்கும் வண்டியில் எரிபொருள் கோளாறு தேடுவது வெட்டி வேலை.

புகையே இல்லை. பம்புக்கு டீசல் வருகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

அதற்கு முன்னால் கட்-ஆஃப் சொலினாய்டை, அதாவது டீசலைத் திறந்து மூடும் மின்சார வால்வைப் பார்த்துவிடுங்கள். ரோட்டரி பம்பின் பின்பக்கத்தில் ஒற்றை வயரோடு நிற்கும் சின்ன உருளை அது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், சாவி ஆன் நிலையிலும் பார்க்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போதும் பார்க்க வேண்டும். சாவி ஆனில் வந்து, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் மின்சாரம் போய்விடும் வண்டிகள் உண்டு. தேய்ந்த சாவி சுவிட்ச் செய்யும் வேலை அது. மின்சாரம் வந்தும் சத்தம் இல்லை என்றால் சொலினாய்ட் போய்விட்டது.

சொலினாய்ட் சரி என்றால், பம்புக்குள் வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள். குமிழி இல்லாமல் கனமாக டீசல் கொட்ட வேண்டும். ஹோஸை மறுபடி மாட்டிய பிறகு, பிரைமர் எவ்வளவு அழுத்தினாலும் கெட்டிப்படாமல் மெத்தென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. அழுத்திய பிறகு மேலே எழும்பி வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு.

காலையில் ஒரு நொடியில் பிடித்து உடனே அணைந்துவிடுகிறது. அப்புறம் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. ஏன்?

இதைவிடத் தெளிவாக ஒரு கோளாறு தன் பெயரைச் சொல்லாது. இரவு முழுக்க எங்கோ ஒரு இடத்தில் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது. பம்புக்குள் மிஞ்சிய கொஞ்சம் டீசலில் இன்ஜின் பிடிக்கிறது, அது தீர்ந்ததும் அணைகிறது.

ஹீட்டர் பிளக் கோளாறு இப்படி இருக்காது. அதில் முதலில் பிடிக்கவே பிடிக்காது. வெள்ளைப் புகை வரும். பிடித்த பிறகு ஒன்றிரண்டு சிலிண்டர் மட்டும் தடதடவென்று ஓடி, மெல்ல மெல்லச் சீராகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான்கு பிளக்கையும் மாற்றியவர்கள் பலர். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிளக்கின் இணைப்பையும் பிரித்து மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். நல்ல பிளக் 1 ஓம் அளவில்தான் காட்டும். இணைப்பே காட்டாத பிளக் செத்தது.

காற்றுதானா என்று சந்தேகம் இருந்தால் ஒரு ராத்திரி வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள், மூக்கு கீழே, டேங்க் மேலே. மறுநாள் காலை ஒரே அடியில் கிளம்பினால் காற்றுதான். மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் தொல்லை கூடும்.

காற்று புகும் இடத்தில் டீசல் கசிந்து ஈரம் தெரியாதா?

தெரியாது, அதுதான் சங்கடம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பகுதி உறிஞ்சலில் வேலை செய்கிறது. ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. எங்கும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, துடைத்து வைத்தது போன்ற வண்டிகூட நாள் முழுக்கக் காற்று இழுத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் போதும். ஒரு கை நீளத் துண்டை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் பொருத்தி, இன்ஜினை ஓட விட்டுப் பாருங்கள். கிளம்பிய சில நொடிகள் ஒன்றிரண்டு குமிழி போவதைப் பொருட்படுத்த வேண்டாம். சூடான பிறகும் விடாமல் குமிழி ஓடினால் காற்று இழுக்கிறது. அப்புறம் அதே குழாயை ஃபில்டருக்கு முன்னால், பிறகு டேங்கின் பக்கத்தில் என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். குமிழி நின்றுபோன இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் டீசலில் ஊறி விறைத்துப்போகும்.

நான் சந்தேகப்படும் வரிசை இது: கிளிப்புக்கு அடியில் இறுகிப்போன ஹோஸ் முனை, ஹேண்ட் பிரைமரின் கிழிந்த டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு), ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ-ரிங், பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டு இறுக்கிய பேன்ஜோ போல்ட் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்), சேஸிஸ் பிடிப்பானுக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்புக் குழாய். இன்ஜெக்டர்களின் தலையிலிருந்து தலைக்குப் போகும் மெல்லிய நூல் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸையும் மறக்காதீர்கள். பழசானால் கையால் வளைத்தாலே விரிசல் தெரியும். கடைசி இன்ஜெக்டரில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியும் அப்படித்தான்.

டேங்க் பாதிக்கு மேல் இருந்தால் நன்றாக ஓடுகிறது, குறைந்தால் மட்டும் திணறுகிறது என்றால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயிலேயே துளை விழுந்திருக்கும். டீசல் மட்டம் துளைக்குக் கீழே போனதும் காற்று இழுக்கத் தொடங்கும். வெளியே எத்தனை ஹோஸ் மாற்றினாலும் இது தீராது.

டேங்க் பக்கமா பம்ப் பக்கமா என்று ஒரே சோதனையில் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தனி கேன் வைத்துப் பாருங்கள். சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனை பம்பைவிடச் சற்று உயரத்தில், விசிறிக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, அசையாதபடி கட்டி வையுங்கள். அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக பம்புக்கு விடுங்கள். இன்லைன் பம்ப் என்றால் அதன் ஃபீட் பம்பின் வாய்க்கு. ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் திருப்பிவிடுங்கள். ஏர் எடுத்துவிட்டு (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு; முறை அடுத்த கேள்வியில்) இன்ஜினை 20 நிமிடம் ஓட்டுங்கள்.

கோளாறு போய்விட்டால் பம்ப் குற்றமற்றது. டேங்க், குழாய், ஃபில்டர் இவற்றில் தேடுங்கள். கோளாறு அப்படியே இருந்தால் அப்போதுதான் பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகிக்கும் உரிமை வருகிறது. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ‘பம்ப் போச்சு’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஏர் எடுப்பது எப்படி?

ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீடிங் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை பிரைமரை அழுத்தி, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். பம்பில் திருகு இருந்தால் அங்கேயும் அதேபோல. அதன் பிறகும் கிளம்பவில்லை என்றால் இன்ஜெக்டரில் குழாய் சேரும் இடத்தில் இரண்டு நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, மேலே துணியைப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். துணி நனைந்ததும் இறுக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 அல்லது 15 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். பம்ப் சரியில்லை என்று தேடப் போய் செல்ஃப் மோட்டாரைக் கருக்கியவர்கள் உண்டு.

புது ஃபில்டரை டீசல் ஊற்றி நிரப்பிப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நடு ஓட்டையில் ஊற்றினால் அது வடிகட்டாமல் நேராக பம்புக்குப் போகும். நிரப்பியே ஆக வேண்டும் என்றால் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளில் ஊற்றுங்கள்.

மேடு ஏறும்போது இழுவை இல்லை. சமதளத்தில் சரி.

பிக்கப்பில் பிக்கப் இல்லை என்று சிரிப்பதற்கு முன், பம்பில் இருக்கும் ஆக்சிலரேட்டர் லீவரைப் பாருங்கள். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். லீவர் அதன் கடைசித் திருகில் போய் முட்டுகிறதா? கேபிள் நீண்டுபோய், பெடல் தரையைத் தொட்டும் லீவர் முக்கால் தூரம்தான் போகும் வண்டிகள் ஏராளம்.

அது சரி என்றால் இன்ஜின் கேட்கும் அளவு டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றியதும் சரியாகி, சில நாளில் மறுபடி திணறினால் டேங்கில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. அரை மணி ஓடிய பிறகு திணறி, ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் மறுபடி நன்றாக ஓடும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. சத்தம் இல்லை என்றால் டேங்குக்குள் கிடக்கும் ஏதோ ஒரு துணித் துண்டோ இலையோ சல்லடையில் ஒட்டிக்கொண்டு, நிறுத்தியதும் விழுந்துவிடுகிறது. உள்பக்கம் உரிந்து மடங்கிப்போன ரப்பர் ஹோஸும் இதே குணம் காட்டும். வெளியிலிருந்து பார்த்தால் புதிது போல இருக்கும்.

வேக்குவம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) இருந்தால், தனி ஃபீட் பம்ப் இல்லாத வண்டியில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு டி இணைப்பில் பொருத்தி, இன்ஜினை ரேஸ் செய்து பாருங்கள். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். புது ஃபில்டர் போட்டும் 0.2 பாருக்கு மேல் உறிஞ்சல் காட்டினால் நான் அடைப்பைத் தேடத் தொடங்குவேன்.

டர்போ வண்டியில் இன்னொன்று. இன்டேக்கிலிருந்து பம்பின் தலைக்கு ஒரு சின்னக் காற்றுக் குழாய் போகும். டர்போ அழுத்தம் ஏறும்போது டீசலைக் கூட்டச் சொல்லும் குழாய் அது. அது கழன்றிருந்தாலும் வெடித்திருந்தாலும் இழுவை போய்விடும், புகைகூட வராது.

கரும்புகை வந்தால் பம்பின் அளவைக் குறைக்க வேண்டுமா?

திருகைத் தொடாதீர்கள். கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். டீசல் கூடியிருக்கலாம், காற்று குறைந்திருக்கலாம். ஏர் ஃபில்டரும் டர்போ ஹோஸும் முதலில். அப்புறம் இன்ஜெக்டர். இன்ஜெக்டரின் தூவும் முனையான நாசில் தேய்ந்தால், தூவுவதற்குப் பதில் ஒழுக விடும், அது முழுதாக எரியாது. நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவது, இந்தப் பக்கத்தின் வேலை அல்ல. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் அதுவும் வேறு கதை.

ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை முனைக்கு நேராக நீட்டாதீர்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, இன்ஜெக்டர் முனையில் உள்ள குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்தி, உடனே இறுக்குங்கள். நல்ல சிலிண்டரில் தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் இறங்கி ஆட்டம் கொடுக்கும். எந்த நட்டைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. சுத்தியால் தட்டுவது போன்ற நாக்கிங் சத்தம் ஒரு நட்டைத் தளர்த்தியதும் நின்றால் அந்த நாசில் ஒழுகுகிறது அல்லது சிக்கியிருக்கிறது.

அடுத்து, அந்த இன்ஜெக்டரையும் பக்கத்து இன்ஜெக்டரையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர். அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால் பம்பின் அந்த வழி. இன்ஜெக்டரைக் கழற்றும்போதெல்லாம் அடியில் இருக்கும் செம்பு வாஷரையும் வெப்ப வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பழையதைப் போட்டால் ‘சுஃப் சுஃப்’ என்று காற்று தப்பி, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி படியும்.

கழற்றிய இன்ஜெக்டரை கை பம்ப் டெஸ்டரில் வைத்துப் பார்ப்பது நல்லது. ப்ரீ-சேம்பர் இன்ஜின்களில் (சிலிண்டருக்கு முன்னுள்ள சின்ன அறையில் டீசலைத் தூவுபவை) நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 100 முதல் 150 பார், சிலிண்டருக்குள் நேரடியாகத் தூவும் இன்ஜின்களில் பெரும்பாலும் 180க்கு மேல். திறக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே அழுத்தத்தை நிறுத்தி 10 நொடி வைத்தால் முனையில் சொட்டு திரளக் கூடாது.

குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்புகிறது. சூடான பிறகு அணைத்தால் மறுபடி கிளம்ப மறுக்கிறது.

இப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். ரோட்டரி பம்பின் உள்ளே சுழலும் பாகம் தேய்ந்துவிட்டால், சூட்டில் இளகிய டீசல் இடைவெளியில் நழுவிவிடும். செல்ஃப் வேகத்தில் போதுமான அழுத்தம் எழாது. நனைத்த துணியைப் பம்பின் மேல் போட்டு ஆற விடுங்கள். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. வாளித் தண்ணீரைக் கொதிக்கும் பம்பின் மேல் அப்படியே ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நூலிழை இடைவெளியில் சுழலும் பாகங்கள் அவை, சட்டென்று சுருங்கினால் இறுகிக்கொள்ளும்.

இன்ஜின் ஆயில் மட்டம் தானாக ஏறுகிறதே?

ஓட்டுவதை நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாசனை வரும். பிளாக்கில் பொருத்திய ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது டீசல் பம்பின் முன்பக்க சீல் போயிருக்கலாம். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேய்வது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரியது, மட்டம் ஏறிய ஆயிலை இன்ஜின் காற்று வழியாக உறிஞ்சி, தன்னிஷ்டத்துக்கு ரேஸ் ஆகி ஓடத் தொடங்குவது. அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வாயைப் பலகை போன்ற தட்டையான ஒன்றால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. அல்லது பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

சாவியை எடுத்த பிறகும் சாதாரண ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு, பயப்பட ஒன்றுமில்லை. சொலினாய்டில் தூசி சிக்கியிருக்கும், அல்லது ஸ்டாப் கேபிள் அறுந்திருக்கும்.

தண்ணீர் பிரிப்பானில் கறுப்பாகச் சளி போல வருகிறது. என்ன அது?

டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். தண்ணீர் இல்லை என்றால் இவை வளராது. மாதக் கணக்கில் அரை டேங்கோடு நிற்கும் வண்டியில்தான் இது அதிகம். மருந்து ஊற்றினால் உயிர் போகும், சடலம் டேங்கிலேயே கிடந்து ஃபில்டர் ஃபில்டராக அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர எனக்குத் தெரிந்து குறுக்கு வழி இல்லை.

தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டேன்.

சாவியைத் திருப்பவே வேண்டாம். முழுக்க வடித்துவிடுங்கள். பம்புக்கு மசகு எண்ணெய் டீசலேதான். பெட்ரோல் அதைக் கழுவிவிடும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் கூடாது. சிவந்திருக்கும் பிளக்கில் ஈதர் பட்டால் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் உடைந்த பிறகு எரிபொருள் கோளாறு தேடும் அவசியமே இருக்காது.

பல வருடம் கசியாத பம்ப் இப்போது திடீரென்று கசிகிறது. ஏன்?

டீசல் மாறியிருக்கலாம். பழைய சீல்கள் பழைய டீசலில் ஊறிக் கொஞ்சம் பருத்தே இருந்தவை. கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பில் அரோமாட்டிக் பொருள்களும் குறைகின்றன. அப்போது முதிர்ந்த ரப்பர் சுருங்கி ஒழுகும். ஆக்சிலரேட்டர் லீவரின் தண்டுதான் பெரும்பாலும் முதல் இடம். பயோடீசல் கலவை இதற்கு நேர்மாறாகப் பழைய ரப்பர் ஹோஸை இளகவைக்கும். டேங்கில் படிந்திருந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். அப்படி மாறும்போது ஒரு ஃபில்டரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சீல் மட்டும் போன பம்புக்கு சீல் கிட் போதும், புது பம்ப் வேண்டாம்.

சரி, கடைசியில் பம்பைக் கழற்றத்தான் வேண்டும். எதைக் கவனிப்பது?

கழற்றுவதற்கு முன் பம்பின் விளிம்பிலும் இன்ஜின் பக்கத்திலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வையுங்கள். இல்லையென்றால் டைமிங் தவறும். டைமிங் தாமதித்தால் வெள்ளைப் புகையும் சோம்பலும்; முந்தினால் கடும் நாக்கிங். வி.இ. வகையில் பின்பக்க மூடித் திருகைக் கழற்றி, டயல் கேஜ் பொருத்தி, பிளஞ்சரின் (டீசலை அழுத்தித் தள்ளும் உள் தண்டின்) நகர்வைப் பார்த்துத்தான் சரியான இடத்தில் வைக்க முடியும். அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை கையேட்டில் இருக்கும். காதால் கேட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், சிலருக்குச் சரியாகவும் வரும். நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

கழற்றிய குழாய்களின் வாயை உடனே மூடுங்கள். ஒரு மணல் துகள் போதும். பம்ப் பெஞ்சிலிருந்து திரும்பி வந்ததும், மாட்டுவதற்கு முன் பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்து, காகித மடிப்புகளை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். துரு தெரிந்தால் டேங்க். கறுப்புச் சளி என்றால் தண்ணீர். ரப்பர்த் துணுக்கு என்றால் ஹோஸ். எதுவாக இருந்தாலும் அதை முடித்துவிட்டு பம்பை மாட்டுங்கள்.